ஒன்றரை

இரண்டு கொப்பி எழுதுகிறேன்.
பச்சை மட்டை தொழில் கந்தோருக்கு.
கபில மட்டை முதலாளிக்கு,
லாச்சியின் அடியில், பில் ரோல்களுக்குக் கீழே.

பச்சைக் கொப்பியில்
எல்லாரும் ஆறு மணிக்கு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.
றிஸ்மியா போகிறாள். தவச்செல்வி போகிறாள்.
மூட்டை இறக்கும் மதிவதனனும் போகிறான்.
ஒரே பேனை, ஒரே நீலம், ஒரே சாய்வு.
அந்தக் கொப்பிக்குள் இருக்கிற திருகோணமலையில்
இருட்டுவதே இல்லை.

மற்றதில் ஒன்பது பதினேழு. ஒன்பது நாற்பது.
பெருநாள் கிழமையென்றால் பத்தே முக்கால்.
கிண்ணியா பஸ் போன பிறகு
றிஸ்மியாவின் மாப்பிள்ளை ஓட்டோவோடு வந்து
ஹோர்ன் அடிக்காமல் வாசலில் நிற்பார்.
அவர் நிற்கிற நேரத்துக்கு
எந்த நிறத்திலும் கொப்பி இல்லை.

சட்டம் எனக்குத் தெரியும்.
நாளுக்கு எட்டு, கிழமைக்கு நாற்பத்தைந்து.
அதற்கு மேலே போனால் மணிக்கு ஒன்றரை மடங்கு.
கிழமையில் ஒன்றரை நாள் லீவு.
அரையை மறக்காத ஒருவர்
எங்கோ ஒரு மேசையிலிருந்து
இதையெல்லாம் கணக்குப் பார்த்திருக்கிறார்.
எங்கள் கடையில் அரை என்றால்
சாப்பாட்டுக்கு விடுகிற நேரம்.
அதிலும் கால்
மாடிப்படி ஏறி இறங்கப் போய்விடும்.

மத்தியானம் மான்கள் வரும்.
கோட்டைப் பக்கமிருந்து ரோட்டைக் கடந்து
கடை வாசல் நிழலில் மடிந்து படுக்கும்.
ஒன்றுக்குக் கொம்பு முறிந்திருக்கும்.
இன்னொன்று எங்களுடைய சேட்டு மட்டைப்பெட்டியைத் தின்னும்.
ஒரு மணித்தியாலம், சில நாள் ஒன்றரை,
வாயை அசைத்தபடி.
யாரும் எழுப்புவதில்லை. முதலாளியும் சுற்றித்தான் போவார்.

கண்ணாடிக்கு உள்ளே
தவச்செல்வி ஒற்றைக் காலில் நிற்பாள்,
மற்றக் காலைச் செருப்பிலிருந்து எடுத்து
நரம்பு சுருண்ட கெண்டையில் தேய்த்தபடி.
காலை எட்டரைக்கு நிற்கத் தொடங்கியவள்.
கடையில் கதிரை மூன்று.
இரண்டு வாங்க வருகிற ஆக்களுக்கு,
ஒன்று காசு வாங்குகிற எனக்கு.
நான் இருந்துகொண்டுதான்
அவர்கள் நிற்பதை எழுதுகிறேன்.

போன வியாழன் கந்தோரிலிருந்து ஆள் வந்தார்.
வருவது எங்களுக்கு முன்னமே வந்துவிட்டது.
களஞ்சியத்திலிருந்து ஆறு கதிரை இறங்கின,
பொலித்தீன் கழற்றாமல்.
இருங்கோ பிள்ளையள் என்றார் முதலாளி.
இருந்தார்கள்.
றிஸ்மியாவுக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
மடித்த சேலையொன்றை எடுத்து விரித்து
திரும்பவும் மடித்தாள்.

"எல்லாரும் ஒரே நேரத்துக்கோ போறீங்கள்?"
பச்சைக் கொப்பியிலிருந்து கண்ணெடுக்காமல் கேட்டார்.
பொலித்தீன் மட்டும் கிறீச்சிட்டது.
நெக்டோ வந்தது. அவர் குடிக்கவில்லை.
ஒப்பம் வைத்தார்.
போகும்போது என்னைப் பார்த்தார்,
அல்லது எனக்குப் பின்னால் தொங்கிய மணிக்கூட்டை.

கதிரைகள் மேலே போயின.
ஒன்றில் மட்டும் கைப்பிடியோரம்
பொலித்தீன் கிழிந்திருந்தது, நகத்தால்.
"சும்மா, இருந்து பார்த்தன்" என்றாள் தவச்செல்வி.

அன்றிரவு கடை பூட்ட முன்னம்
பச்சைக் கொப்பியைத் திறந்தேன்.
வீரம் ஒன்றுமில்லை.
வாடகை இருக்கிறது, கம்பஸில் தம்பி இருக்கிறான்.
மற்றவர்களுக்கு ஆறு போட்டேன்,
ஒன்றன்கீழ் ஒன்றாய், வழமைபோல.
என் பெயருக்கு நேரே மட்டும்
9.22.

முதலாளி ஷட்டரை இழுக்கிற சத்தம்.
மை காய முன்னம் மூடிவிட்டேன்.
எதிர்ப்பக்கத்தில்
யாருடைய ஆறின்மேல் அது ஒட்டியதோ,
நாளைக்குத் திறந்தால்தான் தெரியும்.